வலிப்பு நின்ற பிறகும் மூளைக்குள் நடப்பது: ஐசியூவில் ஈஈஜி எடுப்பவரின் குறிப்புகள்

ஐசியூவில் ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனை, எடுக்கும் டெக்னீஷியனாகப் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் எழுதுவது நரம்பியல் டாக்டர். தலையில் ஒயர் ஒட்டுவது, அலை ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது, மணிக்கணக்கில் கட்டில் பக்கத்தில் நிற்பது எல்லாம் எங்கள் வேலை. காய்ச்சலோடு வந்து உளறல், வலிப்பு, நினைவிழப்பு என்று ஐசியூவுக்குள் போகிறவர்களில் வைரஸ் மூளையைத் தொட்டு மூளை அழற்சி ஆனவர்கள் தனி ரகம். காலையில் ஒரு மாதிரி இருப்பார்கள், மாலையில் வேறு மாதிரி ஆகிவிடுவார்கள். இவர்களுக்கு ஈஈஜி எடுத்ததில் பார்த்ததையும் கற்றதையும் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும் உதவலாம். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒயர்களைப் பார்த்ததும் "தலையில கரண்ட் வைக்கப் போறீங்களா?" என்று கேட்காத குடும்பம் அபூர்வம். இல்லை. இந்தக் கருவி எதையும் உள்ளே அனுப்பாது, மூளை தானாகவே உண்டாக்கும் மின்சாரத்தை வாங்கிப் பதிவு செய்யும், அவ்வளவுதான். அந்த மின்சாரமும் மிகச் சின்னது, பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். இதயத்தின் ஈசிஜி மில்லிவோல்ட் கணக்கில் வரும், அதைவிடப் பல மடங்கு பெரிது. இவ்வளவு சின்ன சமாச்சாரத்தை மண்டை ஓட்டுக்கு வெளியிலிருந்து பிடிக்க முடியும் என்று ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையில் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டபோது பலர் நம்பவே இல்லை. இன்றைக்கும் எங்கள் தலைவலியெல்லாம் இந்தச் சின்ன அளவால்தான் வருகிறது. பக்கத்தில் என்ன அசைந்தாலும் அது அலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

இரண்டாவது கேள்வி, "எந்த வைரஸ்னு இதுல தெரிஞ்சிடுமா?" தெரியாது. அதற்கு முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் மாதிரியான சோதனைகள் வேண்டும், எம்ஆர்ஐ வேண்டும். ஈஈஜி சொல்வது வேறு: மூளை இந்த நிமிடம் எப்படி வேலை செய்கிறது, மொத்தமாகத் தளர்ந்திருக்கிறதா, ஒரு குறிப்பிட்ட இடம் மட்டும் எரிச்சலில் இருக்கிறதா, வெளியே தெரியாமல் உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா. கடைசியாகச் சொன்னதை வேறு எந்தச் சோதனையும் சொல்லாது. ஸ்கேன் ஒரு படம், எடுத்த நேரத்தோடு சரி. வலிப்போ வந்து, ஓடி, நின்று, மறுபடி வரும் விஷயம், அதைத் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும். எம்ஆர்ஐ எடுத்தாச்சு, ரத்தமெல்லாம் பார்த்தாச்சு, அப்புறம் எதற்கு இது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னால் புரியும். நாற்பதுகளில் இருக்கும் பெண்மணி. சில நாள் காய்ச்சல், தலைவலி. அவர் கணவர் ஒயர் ஒட்டும்போது பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "ஏதோ கருகுற வாடை வருது, கருகுற வாடை வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா சார். வீட்ல அடுப்பே எரியல." அடுத்த நாள் பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார், அன்று இரவே கை கால் வெட்டி வலிப்பு. அவசரப் பிரிவில் மருந்து கொடுத்ததும் வெட்டுவது நின்றுவிட்டது. மூச்சுக்குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். மறுநாள் பார்த்தால் மயக்க மருந்தைக் குறைத்தும் கண் திறக்கவில்லை. பார்ப்பதற்கு நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி இருந்தார்.

அலை ஓட ஆரம்பித்ததும் இடது பக்கம் மெதுவான, சோம்பலான அலைகள் வந்தன. வலது காதுக்கு மேலே இருக்கும் டெம்போரல் பகுதியில் கதை வேறு. அங்கே ஒரு கூரான அலை, ஒன்று இரண்டு நொடிக்கு ஒரு தடவை, தவறாமல் வந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அந்த இடைவெளி சுருங்கியது. நொடிக்கு ஒன்று, நொடிக்கு இரண்டு மூன்று, அப்புறம் வலது பக்கம் முழுக்கப் பரவி ஒன்றரை நிமிடம் ஓடி, சட்டென்று நின்று, அந்தப் பக்கம் தட்டையாக ஆகி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. அது வலிப்பு. முழுக்க முழுக்க வலிப்பு. ஆனால் உடம்பில்? கையில் ஒன்றும் இல்லை, காலில் ஒன்றும் இல்லை. குழாயை ஒட்டிய பிளாஸ்டரை லேசாக விலக்கிப் பார்த்தால் இடது கடைவாய் ஓரம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, அதுவும் அலை ஓடும் நேரத்தில் மட்டும். டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம். வலிப்பு மருந்து ஏற்றினார்கள். இரவுக்குள் வலிப்புகளுக்கு இடையே இடைவெளி கூடியது, மறுநாள் நின்றது. கூரான அலைகள் மட்டும் சில நாள் அதே இடத்தில் இருந்து மெல்ல மறைந்தன. தண்டுவட நீரில் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் என்று வந்தது. அந்த வைரஸுக்கான மருந்து அசைக்ளோவிரை முதல் நாளே ஆரம்பித்திருந்தார்கள். அவர் கண் திறந்தார், நடந்து வீட்டுக்குப் போனார். பழைய விஷயங்கள் எல்லாம் நினைவில் இருந்தன, காலையில் யார் வந்து போனார்கள் என்பது மதியம் நினைவில் இல்லை. ஹெர்பிஸ் மூளை அழற்சியில் நினைவைச் சேமிக்கும் இடத்தின் பக்கமே அடி விழுகிறது, அதனால் பிழைத்தவர்களில் பலருக்கு இந்த மறதி மிஞ்சும்.

அந்தக் கருகல் வாடை டெம்போரல் பகுதியில் எரிச்சல் இருந்தால் வரக்கூடியது. காய்ச்சலோடு சேர்ந்து, அங்கே இல்லாத ஒரு வாடை தெரிவது, வயிற்றிலிருந்து ஏதோ எழும்பி வருகிற மாதிரியான உணர்வு, தெரிந்த வார்த்தை வாயில் வராமல் தடுமாறுவது, திடீரென்று குணம் மாறுவது இதெல்லாம் இருந்தால் "காய்ச்சல் உளறல்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஹெர்பிஸ் மூளை அழற்சிக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் பத்தில் ஏழு பேர் பிழைப்பதில்லை, அதனால்தான் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் சந்தேகம் வந்த உடனே அசைக்ளோவிர் ஆரம்பிக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த பிசிஆர் சில சமயம் இல்லை என்று காட்டிவிட்டு, சில நாள் கழித்துத் திரும்ப எடுத்தால் இருக்கிறது என்று வருவதும் உண்டு. அந்தக் குழப்ப நேரத்தில் ஒரு பக்க டெம்போரலில் இப்படி இடைவெளி விட்டு வரும் கூரான அலை தெரிந்தால் டாக்டருக்கு அது பெரிய துப்பு. ஆனால் அது ஹெர்பிஸுக்கே உரிய முத்திரை கிடையாது, பக்கவாதத்திலும் கட்டியிலும்கூட வரும். ஈஈஜி ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து இணையத்தில் தேடி நோயை முடிவு செய்யும் அண்ணன் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார், அவருக்காகச் சொல்கிறேன்.

வெளியே தெரியாத வலிப்பு அபூர்வமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2004இல் வெளியான ஒரு ஆய்வு, ஐசியூ நோயாளிகள் அதிகம் இருந்த 570 பேருக்குத் தொடர் ஈஈஜி வைத்துப் பார்த்தது. 19 சதவீதம் பேருக்கு வலிப்பு பதிவானது, அவர்களில் 92 சதவீதம் பேருக்கு அது அலையில் மட்டுமே, உடம்பில் வெட்டு எதுவும் தெரியாத வகை. முதல் வலிப்பு 24 மணி நேரத்துக்குள் பிடிபட்டது பெரும்பாலானோருக்கு. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அதற்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. அது எல்லா விதமான மூளை நோயும் கலந்த கூட்டம், வைரஸ் மட்டும் இல்லை. இருந்தாலும் இருபது முப்பது நிமிடம் எடுத்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்று மூட்டை கட்டுவது ஏன் போதாது என்பதற்கு அந்த எண்களே போதும். எல்லா இடத்திலும் 24 மணி நேரம் ஓட்ட ஆள் இருக்காது, இயந்திரம் இருக்காது, அது எனக்கும் தெரியும். அப்படி இருந்தால் ஒரே தடவை எடுத்து விட்டுவிடாமல் அடுத்த நாள் ஒன்று, நிலைமை மாறினால் இன்னொன்று என்று திரும்பத் திரும்ப எடுப்பது அடுத்த வழி. குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "வெட்டுறது நின்னுடுச்சு, சரி. முழிப்பு வருதா?" வலிப்பு நின்று, மருந்தின் தூக்கம் தெளிய வேண்டிய நேரமும் தாண்டி, ஆள் விழிக்கவில்லை என்றால் ஈஈஜி பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேட்கலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது ஒயர் ஒட்டும் வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்துக் கொடுத்த 10-20 முறைதான் இன்றும். மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடு வரை டேப்பால் அளந்து, 10 சதவீதம், 20 சதவீதம் என்று பிரித்து இடம் குறிக்க வேண்டும். நோயாளி வென்டிலேட்டரில் இருக்கிறார், கழுத்தில் ஊசிக்குழாய் இருக்கிறது, தலையைத் தூக்கக் கூடாது என்கிறார்கள். அப்போது "கண்ணளவுக்கு ஒட்டிடலாம்" என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். ஒரு பக்கம் அரை அங்குலம் தள்ளிப்போனால் இரண்டு பக்க அலையின் உயரமும் வேறுபடும், ரிப்போர்ட்டில் அது "ஒரு பக்கம் குறைவு" என்று போய் உட்காரும், மூளை அழற்சி நோயாளிக்கு அந்த ஒரு வரி ஒரு ஸ்கேனையே இழுத்துவிடும். அளப்பதற்கு ஒரு சிஸ்டரைத் துணைக்குக் கூப்பிட்டால் ஐந்து நிமிட வேலை. தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து மின்தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவது வழக்கம். ஐசியூவில் 10 வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று 2, பக்கத்தில் இருப்பது 15 என்று இருந்தால் அறையில் இருக்கும் அத்தனை கரண்ட் இரைச்சலும் அதன் வழியே உள்ளே வரும்.

காய்ச்சல் நோயாளிகளுக்கே உரிய தொல்லை வியர்வை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் தலை முழுக்க நனையும். திரையில் கோடுகள் எல்லாம் மெதுவாக, பெரிதாக மேலும் கீழும் ஆடும், இரண்டு நொடிக்கு ஒரு ஆட்டம் என்பதைவிடவும் மெதுவாக. தெரியாதவர்கள் மூளை ரொம்பத் தளர்ந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். தலையைத் துடைத்துக் காயவிட்டு, அறையைக் குளிர்ச்சியாக்கி, ஒயரை ஒட்டும் பேஸ்ட்டை மாற்றினால் போதும். காற்றாடியை நேராகத் தலைக்குத் திருப்பினால் ஒயர் ஆடி அது வேறொரு அலையாக வரும், ஆக அதிலும் கவனம்.

வென்டிலேட்டர் குழாயில் தண்ணீர் தேங்கிக் குமிழ் விட்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் கூரான அலைக்கூட்டம் மாதிரி ஒன்று வரும். குழாயை வடித்துவிட்டால் காணாமல் போகும். நெஞ்சுச் சளிக்காக பிசியோதெரபிஸ்ட் முதுகில் தட்டும்போது நொடிக்கு மூன்று நான்கு என்று அழகான தாள அலை ஓடும், பார்க்கப் பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். குழந்தைகள் வார்டில் இன்னும் நன்றாக ஏமாறலாம். மூளை அழற்சி என்று சேர்த்த ஒரு கைக்குழந்தைக்குப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே திரையில் பார்க்கிறேன், பின்மண்டையில் சீரான தாள அலை, ஆரம்பித்தது, ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. டாக்டருக்குப் போன் செய்யும் முன் வீடியோவைப் பார்த்தேன். அம்மா குழந்தையை மடியில் சாய்த்து முதுகில் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய், "அம்மா, ஒரு நிமிஷம் தட்டாம இருங்க" என்றேன். அலையும் நின்றது. "சரி, இப்ப தட்டுங்க" என்றேன். அலையும் வந்தது. இரண்டையும் நேரத்தோடு பதிவில் குறித்து வைத்தேன். வீடியோவும் குறிப்பும் இல்லாமல் அலையை மட்டும் பார்த்து இதைப் பிரித்துச் சொல்வது கடினம், அந்தக் குழந்தைக்குத் தேவையில்லாத வலிப்பு மருந்து ஏறியிருக்கலாம். எனவே வீடியோ உள்ள இயந்திரம் இருந்தால் கேமராவைக் கட்டாயம் திருப்பி வையுங்கள், முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும், போர்வை கழுத்து வரை இருந்தால் அந்த வீடியோவால் ஒரு பயனும் இல்லை.

வீடியோ இல்லாத இடத்தில் பேனா இருக்கிறது. உண்மையில் இந்த வேலையில் பாதி இதுதான் என்பது என் கட்சி. கருவி அலையை எழுதும், அந்த அலை வந்தபோது கட்டிலில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் இருப்பவர் எழுதினால்தான் டாக்டர் அதைப் படிக்க முடியும். மிடசோலம் எத்தனை மணிக்கு, ப்ரோபோஃபால் எப்போது கூட்டினார்கள், எப்போது குறைத்தார்கள், சளி உறிஞ்சியது, திருப்பிப் படுக்க வைத்தது, காய்ச்சல் எவ்வளவு, எல்லாம் வேண்டும். மயக்க மருந்து அலையை அப்படியே மாற்றிவிடும். கொஞ்சம் கொடுத்தால் வேகமான மெல்லிய அலை, கூடுதலாகக் கொடுத்தால் மெதுவான அலை, இன்னும் கூடினால் கொஞ்சம் வெடிப்பு, கொஞ்சம் தட்டை என்று மாறி மாறி வரும். மருந்து நேரம் எழுதாத பதிவில் இந்தத் தட்டையைப் பார்க்கும் டாக்டர் வைரஸ் மூளையை முடித்துவிட்டதா, மருந்து அமுக்கி வைத்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வார்? சிறுநீரகம் சரியில்லாதவருக்கு அசைக்ளோவிரே உடம்பில் தேங்கி மனக்குழப்பம் உண்டாக்கும், செஃபிபிம் என்ற ஆன்டிபயாடிக் உண்டாக்கும், ஈரல் கெட்டாலும் மூன்று மடிப்பு அலைகள் வரும். இவை எல்லாம் வலிப்போடு குழம்பக்கூடியவை. அதனால் சார்ட்டைப் பார்த்து எந்தெந்த மருந்து ஓடுகிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது என் பழக்கம்.

இன்னொன்று, எழுப்பிப் பார்ப்பது. பதிவு ஓடும்போது காதருகே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கை தட்ட வேண்டும், பதில் இல்லையென்றால் நகத்தை அழுத்திப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் குறிக்க வேண்டும். ஆள் அசையாவிட்டாலும் அலை மாறினால் அது நல்ல சேதி. மூளை வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது என்று பொருள். இதைச் சடங்குக்குச் செய்கிறவர்கள் உண்டு, வாசலில் நின்று "ஐயா, கண்ணத் திறங்க" என்று ஒரு குரல். அப்படிச் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம். நான் முடிந்தால் வீட்டுக்காரர்களை உள்ளே கூப்பிட்டுப் பேசச் சொல்வேன். அந்நியக் குரலுக்கு அசையாத அலை பேத்தியின் குரலுக்கு மாறியதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் கேட்பதில் நஷ்டம் இல்லை.

கொரோனா காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2020இல் கவச உடையோடு உள்ளே போய் ஒயர் ஒட்டியது ஞாபகம் வந்தால் இப்போதும் மூச்சு முட்டுகிறது. கண்ணாடியில் ஆவி படிந்து தலைமுடியே சரியாகத் தெரியாது, இரண்டு அடுக்குக் கையுறையில் மெல்லிய ஒயர் கைக்குள் நிற்காது. ஒருதடவை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் எலக்ட்ரோடு (ஒயர் நுனியில் தலையில் ஒட்டும் பகுதி), குறைவான எண்ணிக்கையில் ஒட்டுவது, ஒட்டிவிட்டு வெளியிலிருந்து பார்ப்பது என்று பல இடங்களில் வழி மாறியது. குப்புறப் படுக்க வைத்தவர்களுக்கு நெற்றியில் ஒட்டிய எலக்ட்ரோடு அழுத்திப் புண்ணாகும், தினமும் இடத்தைப் பார்க்க வேண்டும், இது கொரோனாவுக்கு மட்டுமல்ல, பல நாள் ஒயரோடு கிடக்கும் எல்லோருக்கும் பொருந்தும். அலையில் அதிகம் பார்த்தது மொத்த மூளையும் மெதுவாவதுதான். தலையின் முன்பக்கம் அதிகமாக மாறுவதையும் பலர் பதிவு செய்தார்கள். முன்பக்கம் என்றதும் வைரஸ் மூக்கு வழியாக நேராக மூளைக்கு ஏறிவிட்டது என்று ஒரு கதை அப்போது சுற்றியது. தண்டுவட நீரில் தேடியபோது பெரும்பாலானோருக்கு வைரஸ் கிடைக்கவில்லை. ஆக்ஸிஜன் குறைவு, உடம்பெல்லாம் பரவிய அழற்சி, நாள்கணக்கில் ஓடிய மயக்க மருந்து இவையெல்லாம் சேர்ந்து மூளையைத் தளர்த்தியது என்பதே பெரும்பாலோர் விஷயத்தில் பொருத்தமான விளக்கம்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் பயமுறுத்தும் சொற்கள் சில உண்டு. "மொத்தமாக மெதுவான அலை" என்று இருந்தால் மூளை முழுதும் தளர்ந்திருக்கிறது என்று பொருள், காரணம் எதுவாகவும் இருக்கலாம், பல சமயம் சரியாகக்கூடியது. விழித்திருக்கும் பெரியவர் கண்ணை மூடினால் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஒரு அலை வர வேண்டும், கண் திறந்தால் அது மங்க வேண்டும். மெதுவாகிவிட்டது என்றால் அது 4-லிருந்து 8-க்குள்ளோ 4-க்கும் கீழேயோ இறங்கியிருக்கிறது. குழந்தைகளுக்குக் கணக்கே வேறு, 3 வயது வாக்கில்தான் அந்த அலை 8-ஐத் தொடும், அதனால் பெரியவர் ரிப்போர்ட்டோடு குழந்தை ரிப்போர்ட்டை ஒப்பிடாதீர்கள். "ஸ்டேட்டஸ்" என்று இருந்தால் வலிப்பு அலை 10 நிமிடம் தொடர்ந்து ஓடியிருக்கிறது, அல்லது ஒரு மணி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், அதாவது 12 நிமிடம், விட்டு விட்டு ஓடியிருக்கிறது. அது அவசரம். சந்தேகமான அலைக்கு டாக்டர் வலிப்பு மருந்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பார். அலை அழகாகிவிட்டது என்று உடனே சந்தோஷப்பட முடியாது, ஆளும் கொஞ்சம் தெளிய வேண்டும், ஏனென்றால் வலிப்பு அல்லாத அலையையும் அந்த மருந்து அமுக்கிவிடும். அப்புறம், "நார்மல்" என்று ஒரு வரி. அந்த அரை மணி நேரத்தில் நார்மல் என்று மட்டும் படியுங்கள்.

வீட்டார் செய்யக்கூடியவை பெரிய வேலைகள் அல்ல. வீட்டில் வலிப்பு வந்தபோது போனில் எடுத்த வீடியோ இருந்தால் அழிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், எந்தப் பக்கம் முதலில் துடித்தது, கண் எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். முடியில் எண்ணெய் இல்லாமல் அலசிவிட முடிந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். கட்டில் பக்கத்தில் போன் சார்ஜர் வைக்காதீர்கள். ஒயர் கழன்றால் நீங்களே ஒட்டாமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். கையைப் பிடிக்கலாம், பேசலாம், அதனால் பதிவு கெட்டுப்போகாது. உங்கள் கண்ணுக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால், கண் ஓரமாக இழுக்கிறது, விரல் துடிக்கிறது, எதுவாக இருந்தாலும் மணியைப் பார்த்துச் சொல்லுங்கள். எம்ஆர்ஐக்கு அழைத்துப்போகும்போது சாதாரண உலோக எலக்ட்ரோடு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், திரும்ப ஒட்ட நேரம் எடுக்கும், அதை முன்கூட்டியே டெக்னீஷியனிடம் சொல்லச் சொன்னால் தோலில் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்குப் போன பிறகும் ஒரு காலம் கவனமாக இருக்க வேண்டும். ஹெர்பிஸ் மூளை அழற்சி குணமாகி வந்தவர் சில வாரம் கழித்துத் திடீரென்று குணம் மாறி, தூக்கம் கெட்டு, உளறி, கை வாய் தானாக அசைய ஆரம்பித்தால் "வைரஸ் திரும்பிடுச்சு" என்று மட்டும் நினைக்க வேண்டாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் என்எம்டிஏ வகை அழற்சி சிலருக்கு அப்போது வரும். 2007இல்தான் இந்த நோய்க்கு விளக்கமே கிடைத்தது. அதற்குச் சிகிச்சை வேறு, சிகிச்சை உண்டு. மெதுவான அலையின் முதுகில் வேகமான அலை ஏறி உட்கார்ந்த மாதிரி ஈஈஜியில் ஒரு வடிவம் சிலருக்குத் தெரியும், பார்த்தால் மறக்காது. வலிப்பு மருந்தை "இப்ப நல்லாத்தானே இருக்கார்" என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, மூளை அழற்சிக்குப் பிறகு மாதங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். இன்னும் தாமதமாக வரும் ஒன்று தட்டம்மையால் வருவது. அம்மை வந்துபோய்ப் பல வருடம் கழித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை படிப்பில் பின்தங்கும், கையில் இருக்கும் பொருளை நழுவவிடும், திடீர் திடீரென்று தலை தொங்கும். அப்போது ஈஈஜியில் சில நொடிகளுக்கு ஒருமுறை பெரிய அலைக்கூட்டம் ஒன்று, அச்சடித்த மாதிரி அதே வடிவத்தில், வந்துகொண்டே இருக்கும், தலை தொங்குவதும் அதோடு சேர்ந்தே நடக்கும். அந்த வடிவத்தைத் திரையில் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் கோபம் தடுப்பூசி வேண்டாம் என்று பேசுகிறவர்கள் மேல்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஸ்கேன் படத்தை எல்லோரும் மறக்காமல் கேட்டு வாங்குகிறார்கள், ஈஈஜிக்கு ஒரு பக்க ரிப்போர்ட்டோடு போய்விடுகிறார்கள். மூலப் பதிவையும் சிடியிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், குறிப்புகளும் வீடியோவும் அதோடு சேர்ந்து இருக்கிறதா, படித்துக் காட்டும் மென்பொருளும் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். புது டாக்டருக்கு அந்த ரிப்போர்ட்டின் முடிவைவிட முதல் நாள் அலை இன்றைய அலையோடு எப்படி ஒப்பிடுகிறது என்பதுதான் தேவைப்படும். தொடர் பதிவுகள் இடத்தை அடைப்பதால் பல இடங்களில் முக்கியமான துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார்கள், அதனால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் உள்ளே இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.